பிடுங்கவா, வைத்துக்கொள்ளவா? பல் பற்றி வாசகர் கேள்விகள்

பொங்கல் முடிந்து ஒரு மாதத்துக்கு நம் பக்கத்துப் பல் டாக்டர் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், உடைந்த பல்லோடு வருகிறவர்கள் கரும்பைத்தான் காரணமாகச் சொல்வார்கள். இந்த முறை வந்த கடிதங்களிலும் கரும்பு இருக்கிறது, சைக்கிள் இருக்கிறது, பாதியில் விட்ட வைத்தியம் இருக்கிறது. ஆனால் கடைசி வரி மட்டும் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒன்றுதான்: இந்தப் பல்லை வைத்துக்கொள்ளலாமா, பிடுங்கிவிடலாமா? அதனால் இந்த வாரம் முழுக்க அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வயது 44. கீழ்க் கடைவாய்ப் பல்லில் பத்து வருடத்துக்கு முன்னால் சொத்தைக்கு அடைத்திருந்தேன். இந்தப் பொங்கலுக்குக் கரும்பு கடிக்கும்போது நாக்குப் பக்கத்துச் சுவர் அப்படியே பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. பெரிய வலி இல்லை, பச்சைத் தண்ணீர் பட்டால் கூசுகிறது. உள்ளூர் டாக்டர் ரூட் கெனால் (உள்ளே இருக்கிற நரம்பை எடுத்து வேரை அடைப்பது) செய்து கேப் போடலாம், 11,000 ரூபாய் ஆகும் என்கிறார். ஈரோட்டில் ஒருவர் பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கிற டைட்டானியம் வேர்) வைப்பதுதான் நல்லது என்கிறார். மாமியார், "700 ரூவாயில பிடுங்கிப் போட்டுட்டுச் சிவனேன்னு இரு" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இரண்டு டாக்டர் இரண்டு மாதிரி சொன்னார்கள் என்பதற்காக ஒருவர் ஏமாற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பல் உடைந்திருக்கிற இடம் அப்படிப்பட்டது. நாக்குப் பக்கத்துச் சுவர் பெயரும்போது உடைவு பல நேரம் சாய்வாக ஈறுக்குக் கீழே இறங்கிவிடும். எக்ஸ்ரேயில் அது சரியாகத் தெரியாது, ஏனென்றால் கன்னப் பக்கத்துச் சுவரும் நாக்குப் பக்கத்துச் சுவரும் படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே வெள்ளையாக நிற்கும். பழைய அடைப்பை முழுக்க எடுத்து, சொத்தையைச் சுரண்டி, எச்சிலைத் துடைத்து உலர்த்தி, வெளிச்சம் அடித்துப் பார்த்தால்தான் நிலவரம் புரியும். "திறந்து பார்த்துட்டுத்தாங்க சொல்ல முடியும்" என்று சொல்கிற டாக்டர் மேல் எனக்கு மரியாதை அதிகம்.

அப்படித் திறந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது ஓட்டையின் அளவை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நாங்கள் பார்ப்பது மிச்சம் நிற்கிற சுவரை. ஈறுக்கு மேலே, பல்லைச் சுற்றிலும், நல்ல பல் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் உயரமாவது நிற்க வேண்டும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா ஏற்றுவதை உங்கள் ஊரில் பார்த்திருப்பீர்கள். மரத்தைச் சுற்றி அது இறுக்கிப் பிடிப்பதால்தான் பாரம் ஏறும்போது சக்கரம் விரியாமல் இருக்கிறது. கேப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. பிடிக்கச் சுவரே இல்லாமல், உள்ளே கம்பி வைத்து மேலே அடைப்பைக் குவித்து அதன்மேல் கேப் போட்டால், ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்துக் கேப்பும் கம்பியும் சேர்ந்து கையில் வரும், இல்லாவிட்டால் வேர் பிளக்கும். உங்களுக்கு நாக்குப் பக்கம் மட்டும் சுவர் குட்டையாக இருந்தால் அந்த இடத்தில் ஈறையும் கொஞ்சம் எலும்பையும் செதுக்கி, மறைந்திருக்கிற பல்லை வெளியே கொண்டுவரலாம். ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு இது நன்றாக வேலை செய்யும். அதற்கும் கீழே உடைவு இறங்கியிருந்தால் அடுத்த பல்லின் எலும்பும் சேர்ந்து போகும் என்பதால் நான் செய்யச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது விரிசல். இதில்தான் தீர்ப்பே இருக்கிறது. மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மொட்டைக் கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக விட்டுச் சுற்றி வருவோம். நல்ல பல்லில் எங்கே விட்டாலும் 2, 3 மில்லிமீட்டரில் நின்றுவிடும். சுற்றிலும் 3 இருந்து, ஒரே ஒரு இடத்தில் மட்டும் திடீரென்று 8, 9 என்று கம்பி உள்ளே போனால் மனதுக்குள் "வேர் பிளந்திருக்கிறது" என்ற சந்தேகம் வந்துவிடும். நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டுத் துடைத்தால் விரிசல் மயிரிழை மாதிரி நீலமாக நிற்கும், அதை வைத்து எதுவரை போகிறது என்று பார்க்கலாம். கீழ்க் கடைவாய்ப் பல்லில் அந்தக் கோடு இரண்டு வேருக்கும் நடுவில் இருக்கிற பல்லின் உள்தரையைக் கடந்து போயிருந்தால் பல்லைக் காப்பாற்ற முயல்வது வீண். விரிசல் வழியே கிருமி இறங்கி எலும்பைத் தின்னும், பிறகு நீங்கள் இம்ப்ளான்ட் வைக்கலாம் என்றாலும் வைக்க எலும்பு இருக்காது. அப்படி இருந்தால் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் நீங்கள் கேட்க வேண்டும்: ரூட் கெனால் கட்டாயமா? பச்சைத் தண்ணீருக்குக் கூசி, உடனே அடங்கிவிடுகிறது என்றால் உள்ளே நரம்பு உயிரோடு இருக்கலாம். குளிர வைத்த பஞ்சை ஒரு நொடி பல்லில் வைத்துப் பார்ப்பார்கள். கூச்சம் சில நொடியில் நின்றால் நல்ல சகுனம். பஞ்சை எடுத்த பிறகும் ஒரு நிமிஷம் தெறித்துக்கொண்டே இருந்தால், சூடான டீக்கு வலித்தால், ராத்திரி படுத்ததும் வலி எழுப்பினால், நரம்பு திரும்பாது, ரூட் கெனால்தான். நரம்பு நன்றாக இருந்து அது வெளியே தெரியாமலும் இருந்தால், வெறும் கேப் மட்டும் போட்டே சமாளிக்க வாய்ப்பு இருக்கிறது.

சரி, சுவர் இருக்கிறது, விரிசல் இல்லை, பல் ஆடவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் என் வாக்கு உங்கள் சொந்தப் பல்லுக்குத்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இம்ப்ளான்ட் நல்ல வைத்தியம். 1965-ல் ஸ்வீடனில் பிரேனமார்க் என்கிற டாக்டர் முதல் மனிதருக்கு டைட்டானியம் வேர் வைத்ததிலிருந்து அது நன்றாக நிலைத்துவிட்டது. ஆனால் அது இல்லாத பல்லுக்கு மாற்று. இருக்கிற பல்லுக்குப் போட்டியாக அதை வைக்கக் கூடாது. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே நார் மாதிரி ஒரு சவ்வு இருக்கிறது. அரிசிம்பருப்புச் சோறு சாப்பிடும்போது ஒரு சின்னக் கல் அகப்பட்டால் தாடை சட்டென்று நின்றுவிடுகிறதே, அதைச் சொல்வது அந்தச் சவ்வுதான். டைட்டானியம் நேராக எலும்போடு ஒட்டிக்கொள்வதால் அந்த உணர்வு அதற்குக் கிடையாது.

மாமியார் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அவர் காலத்தில் நம் ஊர்களில் பல்லுக்கு இருந்த வைத்தியம் அது ஒன்றுதான். ஆனால் 700 ரூபாயோடு கணக்கு முடியாது என்பதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். பல் போன இடத்தில் எலும்பு தேய ஆரம்பிக்கும், முதல் ஒரு வருடத்திலேயே அகலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும். பின்னால் இருக்கிற பல் அந்தச் சந்துக்குள் சாயும். மேலே இருக்கிற பல் எதிரில் முட்டு இல்லாமல் கீழே இறங்கும். அப்புறம் பாலம் கட்டுவதென்றால் இரண்டு பக்கத்து நல்ல பற்களையும் ராவ வேண்டும். ஒரு பல்லுக்குப் போன செலவு மூன்று பல்லுக்கு வந்து நிற்கும்.

கேள்வி: வயது 36, விசைத்தறி வேலை, பாதி நாள் ராத்திரி ஷிப்ட். எட்டு மாதத்துக்கு முன்னால் கீழ்ப் பல்லில் தாங்க முடியாத வலி. ரூட் கெனால் முதல் முறை செய்ததும் வலி போய்விட்டது, வேலை நெருக்கடியில் திரும்பப் போகவில்லை. இப்போது அடைத்ததில் பாதி விழுந்துவிட்டது. ஈறில் ஒரு சின்னக் கட்டி வருகிறது, அமுக்கினால் உப்புக் கரிக்கிற மாதிரி ஏதோ வருகிறது, தானே அடங்கிவிடுகிறது. வலி துளியும் இல்லை. இப்படியே விட்டுவிடலாமா? இல்லையென்றால் பிடுங்கிவிடட்டுமா? மெடிக்கலில் மாத்திரை வாங்கி இரண்டு முறை போட்டேன்.
– வாசகர், பல்லடம்

பதில்: விட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு மனது கஷ்டமாகிவிட்டது, ஏனென்றால் காப்பாற்றக் கூடிய பல் அதிகமாகப் போவது இப்படித்தான்.

முதல் முறை போனபோது டாக்டர் உள்ளே அழுகிக்கொண்டிருந்த நரம்பை எடுத்தார். வலியைச் சொல்வதற்கு நரம்பு இல்லை, அதனால் வலி போனது. வைத்தியம் அன்றைக்கு ஆரம்பித்ததுதான், முடியவில்லை. மேலே வைத்தது சில வாரம் தாங்குகிற தற்காலிக அடைப்பு. அது விழுந்ததும் எச்சிலும் சோறும் கிருமியும் வேர் வரை நேராக இறங்குகின்றன. வேரின் நுனி வழியே அது தாடை எலும்புக்குள் போய்ச் சீழ் பிடித்து, அந்தச் சீழ் வெளியே வர ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் ஈறில் வருகிற கட்டி அந்த வாய்க்காலின் மடை. மடை திறந்திருக்கிறவரை உள்ளே அழுத்தம் ஏறாது, வலி இருக்காது. மடை அடைபட்ட அன்றைக்குத் தெரியும்.

மாத்திரை ஏன் கேட்கவில்லை என்று யோசித்திருப்பீர்கள். மாத்திரை ரத்தத்தில் கலந்துதான் போக வேண்டும். நரம்பு செத்த வேருக்குள் ரத்த ஓட்டமே கிடையாது, மருந்து எப்படிப் போகும்? சுற்றி இருக்கிற வீக்கம் கொஞ்சம் வற்றும், உள்ளே இருக்கிற கிருமி அப்படியே குடியிருக்கும். மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

இனி என்ன? பல் இன்னும் போய்விடவில்லை என்று நினைக்கிறேன், ஆனால் வாயைப் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. போனதும் டாக்டர் அந்தக் கட்டியின் துளைக்குள் நூல் மாதிரி மெல்லிய ஒரு கட்டா பெர்ச்சா குச்சியை விட்டு எக்ஸ்ரே எடுப்பார். கட்டா பெர்ச்சா என்பது மரப்பாலில் இருந்து வருகிற, ரப்பர் மாதிரியான பொருள், வேரை அடைப்பதற்கும் அதுதான். குச்சி வளைந்து வளைந்து போய் எந்த வேர் நுனியில் நிற்கிறது என்று படத்தில் பளிச்சென்று தெரியும். நுனியில் நின்றால் நல்லது, உள்ளே மறுபடி கழுவிச் சுத்தம் செய்து, சுண்ணாம்புச் சத்து மருந்து வைத்து, இரண்டு மூன்று வாரம் பார்ப்பார்கள். கட்டி தானே மூடிக்கொண்டால் வேரை அடைத்துக் கேப் போடலாம், எலும்பு சில மாதத்தில் நிரம்ப ஆரம்பிக்கும். குச்சி வேரின் நடுப்பக்கத்தில் போய் நின்றால், முதல் பதிலில் சொன்ன கோடு போட்ட கம்பியும் அங்கே ஆழமாக இறங்கினால், வேர் பிளந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது பிடுங்குவதுதான் சரி.

கேப் போடும்வரை வைத்தியம் முடிந்ததாக நினைக்க வேண்டாம். என் மேசை இழுப்பறையில் ஒரு பல் வைத்திருக்கிறேன். இரண்டு வேரும் அருமையாகச் சுத்தம் செய்து நுனிவரை அடைத்தது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. "அடுத்த மாசம் கேப் போட்டுக்கறனுங்க" என்று போனவர் ஒரு வருடம் கழித்து, கடலை மென்றபோது பல் தெறித்தது என்று வந்தார். வறுத்த கடலையை விரல் நடுவில் அமுக்கினால் இரண்டு பருப்பாகப் பிரியுமே, அப்படிப் பிளந்திருந்தது. நடுவே குடைந்து எடுத்த கடைவாய்ப் பல்லின் சுவர்கள் ஒவ்வொரு கடிக்கும் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். கேப்தான் அதைக் கட்டிப் போடுகிறது.

பணம் இடிக்கிறது என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடமே சொல்லுங்கள், இரண்டு மூன்று தவணையாக வாங்கிக்கொள்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். கோவை, திருச்செங்கோடு, குமாரபாளையம், சேலம் பக்கம் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பேராசிரியர் பக்கத்தில் நின்று பார்க்க, மாணவர்கள் செய்வார்கள், நாலு நடை அதிகமாக ஆகும், செலவு குறையும். ஷிப்ட் மாற்றிக் கேட்டாவது போய் வாருங்கள். அதுவரை ஒரு எச்சரிக்கை: தாடைக்குக் கீழே வீங்கினால், வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ சிரமமாக இருந்தால், காய்ச்சல் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அந்த நேரத்திலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: ஞானப் பல் பாதிதான் முளைத்திருக்கிறது, பக்கத்துப் பல்லில் இடித்துக்கொண்டு சாய்வாக நிற்கிறது, சொத்தையும் வந்துவிட்டது. வயது 23. "எந்தப் பல்லையும் பிடுங்கக் கூடாது" என்று யாரோ சொன்னார்கள்.
– வாசகர், கரூர்

பதில்: எடுத்துவிடுங்கள். மெல்லுவதற்கு உதவாத, பிரஷ் எட்டாத, பக்கத்தில் இருக்கிற நல்ல பல்லையும் சொத்தையாக்கப் போகிற பல்லுக்கு ரூட் கெனால் செய்வது பணத்துக்குக் கேடு. 23 வயதில் எடுப்பது 40-ல் எடுப்பதைவிடச் சுலபம், புண்ணும் சீக்கிரம் ஆறும். எடுத்த மூன்று நான்கு நாளைக்கு ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவதும் புகைப்பதும் வேண்டாம், குழியில் உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்தால் வருகிற வலி பல்வலியைவிட மோசமாக இருக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தோம், ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் இன்னொரு மாத்திரையும் சாப்பிடுகிறார். மேலே ஒரு பல் நன்றாக ஆடுகிறது, அதற்குப் பக்கத்துப் பல் சொத்தை. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று சின்னம்மா பயமுறுத்துகிறார். தெரிந்தவர் ஒருவர் மாத்திரையை ஐந்து நாள் நிறுத்திவிட்டுப் பிடுங்கச் சொல்கிறார்.
– வாசகி, தாராபுரம்

பதில்: தெரிந்தவர் சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர் தானாக மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம், அது உயிர்ப் பிரச்சினை. பல் எடுத்த இடத்தில் ரத்தம் கொஞ்சம் அதிக நேரம் கசியும், அவ்வளவுதான், பஞ்சை அரை மணி நேரம் இறுகக் கடிக்க வைத்து, இரண்டு தையல் போட்டு நிறுத்திவிடலாம். ஒன்றிரண்டு பல் எடுக்க இந்த மாத்திரைகளை நிறுத்தாமலே செய்வதுதான் இன்றைக்கு வழக்கம். நிறுத்துவதா வேண்டாமா என்பதை இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும். அம்மா சாப்பிடுகிற எல்லா மாத்திரைச் சீட்டையும் ஒரு பையில் போட்டுப் பல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எலும்பு தேய்மானத்துக்கு ஊசி ஏதாவது போட்டிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், சில ஊசிகளுக்குப் பிறகு பல் எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் போகிற ஆபத்து உண்டு.

கண் விஷயம்: பயம் வேண்டாம், மேல் பல்லின் நரம்பும் பார்வை நரம்பும் வேறு வேறு. இந்த நம்பிக்கை எப்படி வந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. பல் ஆடி விழுகிற வயதிலேதான் கண்ணில் புரையும் வருகிறது. சர்க்கரை இருந்தால் அது ஈறையும் கெடுக்கும், கண்ணின் திரையையும் கெடுக்கும். இரண்டும் அடுத்தடுத்து நடக்கும்போது முன்னால் நடந்தது பின்னால் நடந்ததற்குக் காரணமாகத் தெரிகிறது. சின்னம்மாவிடம் கோபித்துக்கொள்ளாமல் இதைச் சொல்லுங்கள், அம்மாவுக்கு வருடம் ஒரு முறை கண் பரிசோதனையும் செய்யுங்கள், சர்க்கரைக்காக அது எப்படியும் வேண்டும்.

இனி இரண்டு பல்லையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஆடுகிற பல் பக்கவாட்டில் மட்டும் கொஞ்சம் அசைந்தால் ஈறைச் சுத்தம் செய்து பார்க்கலாம். விரலால் மேலே அமுக்கினால் உள்ளே போய் வருகிறது என்றால் அதைப் பிடித்துக்கொண்டிருக்க எலும்பு இல்லை, எடுத்துவிடுவதே நல்லது, மெல்லும்போதெல்லாம் ஏற்படுகிற சீழும் புண்ணும் சர்க்கரையையும் ஏற்றிவிடும். பக்கத்துச் சொத்தைப் பல் கெட்டியாக நின்றால் அதைக் காப்பாற்றப் பாருங்கள். நாளைக்குக் கழற்றி மாட்டுகிற செட் போட வேண்டி வந்தாலும், வாயில் உறுதியாக நிற்கிற ஒரு சொந்தப் பல் அதற்கு எவ்வளவு பெரிய பிடிமானம் என்பது, மேலே ஒரு பல்கூட இல்லாமல் செட் போட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

போகிற அன்றைக்கு வெறும் வயிற்றில் கூட்டிப் போகாதீர்கள். காலையில் இட்லியோ என்னவோ சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு, முற்பகலில் போவது நல்லது. பட்டினியாக உட்கார வைத்தால் சர்க்கரை இறங்கி நாற்காலியிலேயே மயக்கம் வரும். மூன்று மாதச் சராசரி காட்டுகிற ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்துக்கொண்டு போனால் டாக்டருக்கு உதவியாக இருக்கும்.

கேள்வி: மகளுக்கு ஏழு வயது. கீழே கடைசிப் பல்லில் பெரிய ஓட்டை. அவள் அப்பத்தா, "பால் பல்லுதான கண்ணு, விழுந்து முளைக்கும், எதுக்குக் காசைக் கொட்டறீங்க" என்கிறார். பிடுங்கிவிடலாமா?
– வாசகர், பெருந்துறை

பதில்: இன்றைக்கு ராத்திரி குழந்தையை வெளிச்சத்தில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். முன் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. இதுவரை பால் பல். ஓட்டை இருக்கிறது ஆறாவதில் என்றால் அது பால் பல் அல்ல, விழுந்து முளைக்காது, அறுபது எழுபது வருடம் அவள் மெல்லப் போகிற பல். ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமல், பால் பல்வரிசைக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிறது, அதனால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. முளைத்ததும் அதன் மேல்பக்கம் ஆழமான பள்ளங்களாக இருக்கும், மிட்டாயும் பிஸ்கட்டும் அங்கேதான் ஒட்டும்.

ஆறாவது பல் என்றால் நாளைக்கே போங்கள். அந்தப் பல்லின் வேர் இன்னும் முழுதாக வளரவில்லை, ஒன்பது பத்து வயதுவரை நுனி திறந்தே இருக்கும். அதனால் டாக்டர் நரம்பு முழுவதையும் எடுக்காமல், கெட்ட பகுதியை மட்டும் எடுத்துவிட்டு எம்.டி.ஏ. என்கிற சிமென்ட்டை வைத்து மிச்ச நரம்பை உயிரோடு காப்பாற்றப் பார்ப்பார், வேர் வளர்ந்து முடிய அது வேண்டும். இந்த வயதில் இது நன்றாகவே பலிக்கும். மற்ற மூன்று மூலையிலும் இதே ஆறாவது பல் இருக்கும், அவற்றின் பள்ளங்களை அப்போதே மூடச் சொல்லுங்கள், ஊசி கிடையாது, வலி கிடையாது.

ஐந்தாவது பல் என்றால் பால் பல்தான், ஆனாலும் பிடுங்க அவசரப்படாதீர்கள். அது பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியது. முன்னாலேயே எடுத்தால் ஆறாவது பல் முன்னால் நகர்ந்து, கீழே காத்திருக்கிற பல்லுக்கு இடம் இல்லாமல் போய் அது கோணலாக முளைக்கும். சின்னச் சிகிச்சை செய்து ஸ்டீல் கேப் போடலாம். காப்பாற்றவே முடியாமல் எடுத்தால், இடம் சுருங்காமல் இருக்க ஒரு கம்பி வளையம் வைத்துத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: பனியன் கம்பெனியில் வேலை. ஐந்தாவது மாதம் நடக்கிறது. கடைவாய்ப் பல் தெறிக்கிறது. குழந்தை பிறக்கிறவரை பல்லைத் தொடக் கூடாது என்று வீட்டில் சொல்லிக் கிராம்பு எண்ணெய் வைக்கிறார்கள்.
– வாசகி, திருப்பூர்

பதில்: பல் வைத்தியத்துக்கு நான்கிலிருந்து ஆறாவது மாதம்தான் வசதியான காலம், இப்போதே போங்கள். மரத்துப் போகிற ஊசி போடலாம், ஈயக் கவசம் போட்டு ஒரு சின்ன எக்ஸ்ரே எடுக்கலாம், ரூட் கெனாலும் செய்யலாம். வேர் பிளந்திருந்தால் பிடுங்கவும் செய்யலாம். வலியோடும் சீழோடும் சாப்பிடாமல் தூங்காமல் நான்கு மாதம் ஓட்டுவதுதான் உங்களுக்கும் குழந்தைக்கும் கெடுதல். கர்ப்பம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், டாக்டர் எழுதாத வலி மாத்திரை எதையும் போடாதீர்கள். கிராம்பு எண்ணெய் ஒரு ராத்திரியைத் தாட்டும், ஓட்டையை மூடாது. நாற்காலியில் ரொம்ப நேரம் மல்லாந்து படுக்க வேண்டாம், இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து படுங்கள்.

கேள்வி: மகனுக்கு 11 வயது. சைக்கிளில் விழுந்ததில் மேல் முன் பல் வேரோடு முழுசாகக் கழன்று மண்ணில் விழுந்துவிட்டது. நன்றாகச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, காகிதத்தில் மடித்து வைத்து, மறுநாள் டாக்டரிடம் கொண்டுபோனோம். இனி வைத்தாலும் நிற்காது என்றுவிட்டார். நாங்கள் ஏதாவது தப்புச் செய்துவிட்டோமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: பதறிய நேரத்தில் யாரும் அதைத்தான் செய்வார்கள், உங்களைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். பள்ளிக்கூடத்தில்கூட இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். வேரின் மேல் பட்டுத் துணி மாதிரி மெல்லிய உயிருள்ள தோல் ஒட்டியிருக்கும், மறுபடி எலும்போடு பிடிப்பது அதுதான். தேய்த்தால் அது உரிந்துவிடும், காய்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் செத்துவிடும். ஆகவே நிலைத்த பல் கழன்று விழுந்தால் வேரைத் தொடாமல் வெள்ளைப் பக்கத்தைப் பிடித்து எடுக்க வேண்டும். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சுத்தமான தண்ணீரிலோ சில நொடி அலசினால் போதும். முடிந்தால் அப்படியே குழிக்குள் திரும்பச் செருகி, ஒரு கைக்குட்டையைக் கடிக்க வைத்துக் கூட்டிப் போகலாம். பயமாக இருந்தால் பக்கத்து டீக்கடையில் சூடில்லாத பால் ஒரு டம்ளர் வாங்கி அதில் போட்டு எடுத்துப் போகலாம். அரை மணிக்குள் போய்ச் சேர்ந்தால் வாய்ப்பு நன்றாக இருக்கும். பால் பல் விழுந்தால் மட்டும் திரும்ப வைக்கக் கூடாது, கீழே இருக்கிற நிலைத்த பல்லுக்கு அடிபடும்.

உங்கள் மகனுக்கு இம்ப்ளான்ட் வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இப்போது வேண்டாம், தாடை வளர்ந்துகொண்டிருக்கிறது, இம்ப்ளான்ட் அதோடு சேர்ந்து வளராமல் மேலேயே தங்கி, பல் குட்டையாகத் தெரியும். வளர்ச்சி நிற்கிறவரை, பையன்களுக்குச் சுமார் பதினெட்டைத் தாண்டும் வரை, கழற்றி மாட்டுகிற ஒற்றைப் பல்லோ, பக்கத்துப் பல்லை ராவாமல் பின்னால் ஒட்டுகிற பல்லோ வைத்துக்கொள்ளலாம். விழுந்த அன்றைக்குப் பக்கத்துப் பல்லிலும் அடி பட்டிருக்கும். அது நிறம் மங்குகிறதா என்று மாதம் ஒரு முறை பகல் வெளிச்சத்தில் பாருங்கள், சாம்பல் நிறம் தட்டினால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.